ஒரு சொட்டு ஒழுகாது

வாங்க தம்பி, உட்காருங்க. வண்டி எங்கயும் போயிடாது, ஷெட்லதான் நிக்குது. போன்ல பேசினப்போ முதல் கேள்வியா என்ன கேட்டீங்க? "சார், ஆயில் லீக் இருக்கா"ன்னு கேட்டீங்க. பழைய கார் வாங்க வர்றவங்க எல்லாரும் கேக்கறதுதான். மத்தவங்களா இருந்தா இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. எனக்கு அது பிடிக்காது. கேட்ட கேள்விக்கு முழுசா பதில் சொல்லணும். நடுவுல ஏதாவது கேக்கத் தோணுச்சுன்னா மனசுல வெச்சுக்கங்க. கடைசில மொத்தமா கேளுங்க.

என் பேரு தெய்வசிகாமணி. ஆத்தூர் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்ல, மாணவர் விடுதிக்கு இருபத்தெட்டு வருஷம் வார்டன். என் காலத்துல விடுதியிலேர்ந்து ஒரு புகார் வந்ததில்ல. எனக்கு முன்னால இருந்தவர் ஒரு புகார்ப் பெட்டி மாட்டி வெச்சிருந்தார். தினமும் நாலு சீட்டு விழும். சாம்பார்ல பருப்பு இல்ல, மோட்டார் ஓடலை, இப்படி. நான் வந்த வாரமே பெட்டியோட வாய்ல தகரம் வெச்சு ஆணி அடிச்சேன். அதோட சரி, ஒரு சீட்டு கிடையாது. பசங்க தண்ணித் தொட்டி மேலயும், காலேஜ் பஸ் முதுகுலயும் கரியால என்னமோ எழுதினாங்கதான். அது வேற விஷயம். பெட்டி சுத்தமா இருந்துச்சு.

சரி, வண்டிக்கு வர்றேன். தொண்ணூத்தாறாம் வருஷம் வாங்கினது. முதல் ஓனர் நான்தான். வேற யாரும் ஸ்டீயரிங்ல கை வெச்சதில்ல. என் சம்சாரம் மங்கை ஓட்டக் கத்துக்கறேன்னு ஒரு தடவை கேட்டா. கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கு மேல ஞாபகம் இல்ல.

எங்களுக்கு ஒரே மகள், பொற்கொடி. ஓசூர்ல கட்டிக் கொடுத்திருக்கோம். போன வருஷம் ஆடியில, முழுகாம இருக்கான்னு மாப்பிள்ளை போன் பண்ணார். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாசம் அவங்க வீட்ல வளைகாப்பு போட்டு, கையோட நாங்க இங்க கூட்டிட்டு வரணும். வழக்கம்தானே. தை மாசத்துல நாள் குறிச்சாச்சு. சம்பந்தியம்மா, "எதுக்குங்க பழைய வண்டியில, டாக்ஸி வெச்சுக்கலாமே"ன்னாங்க. நான் ஒத்துக்கலை. நான் ஓட்டணும், மகள் பின் சீட்ல கை நிறைய வளையலோட உட்கார்ந்து வரணும், இந்த வாசல்ல இறங்கணும். அது ஒண்ணுதான் என் ஆசை. அதோ அந்த ரூம் அவளுக்குத்தான். நானே வெள்ளை அடிச்சேன். தூளி கட்ட விட்டத்துல கொக்கி மாட்டினேன்.

இது இப்படி இருக்க, ஆவணி கடைசியில வண்டிக்குள்ள கருகின எண்ணெய் வாசம் வந்துச்சு. பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் தலையிலேர்ந்து ஏர் ஃபில்டர் டப்பாவுக்குக் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். அதோட ஒரு முனை கழண்டு தொங்கிட்டிருந்தது. அது வழியா லேசா புகை. எனக்குக் கோபம் வந்துச்சு. நல்லா ஓடற இன்ஜின்ல இந்தக் குழாய்க்கு மட்டும் என்ன புகை வேண்டிக் கிடக்கு? ஒரு பழைய துண்டைக் கிழிச்சு, உருட்டி, ஸ்க்ரூ டிரைவரால நாலு விரக்கடை உள்ளே தள்ளினேன். வெளியிலேர்ந்து பார்த்தா தெரியக் கூடாது. வேலைன்னா அப்படி இருக்கணும். அப்புறம் குழாயைப் பழையபடி டப்பாவுல மாட்டி கிளிப்பை முறுக்கிட்டேன்.

டார்ச் பிடிச்சுட்டு நின்னது மங்கை. "ஏங்க, இது எதுக்கோ விட்ட வழியா இருக்கப் போகுது"ன்னா.

"டார்ச்சை நேரா பிடி"ன்னேன்.

வாசம் நின்னுபோச்சு. அப்பவே நின்னுபோச்சு. இதை நீங்க கவனிக்கணும்.

பத்து நாள் கழிச்சு, புரட்டாசி பிறந்த அன்னிக்கு, ஷெட் தரையில ஒரு கறுப்புப் பொட்டு. மறுநாள் மூணு. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரிச்சு வண்டிக்கு அடியில விரிச்சேன். விழுந்த ஒவ்வொரு சொட்டையும் சுத்திப் பேனாவால வட்டம் போட்டு, பக்கத்துல தேதி எழுதினேன். விடுதியில அட்டெண்டன்ஸ் எடுத்த கை, சும்மா இருக்குமா? ஒரு வாரத்துல அட்டை முழுக்க வட்டம். மங்கை வந்து பார்த்துட்டு, "ஏங்க, அன்னிக்கு அந்தக் குழாயில நீங்க"ன்னு ஆரம்பிச்சா.

"கால்ல எண்ணெய் படப் போகுது, தள்ளி நில்லு"ன்னேன். அக்கறைலதான் சொன்னேன்.

இங்க சேலத்துல ஐந்து ரோடு பக்கம் ஒரு மெக்கானிக். பேரு வேண்டாம். அவன் இன்ஜின் மேல்மூடியில கேஸ்கட் போச்சுன்னு மாத்தினான். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல எண்ணெய் வெளியே வராம இருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதுதான் கேஸ்கட். மாத்தின இடம் காஞ்சு போச்சு. ஆனா நாலாம் நாள் அடியில இருக்கற எண்ணெய்த் தொட்டி ஓரமா ஒழுகுது. அந்த கேஸ்கட்டையும் மாத்தினான். அது நின்னுச்சு. ஒரு வாரத்துல முன் பக்கம், பெல்ட் ஓடற இடத்துல ரப்பர் சீல் வழியா வருது. ஒரு இடத்தை அடைச்சா இன்னொரு இடம். நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்? அவன் வேணும்னே ஒண்ணை சரி பண்ணி ஒண்ணைக் கெடுத்து விடறான்னுதானே அர்த்தம்? இல்ல, சொல்ல வேண்டாம், அப்புறம் சொல்லலாம்.

விளக்கம் கேட்டு ஒரு மெமோ எழுதினேன். மூணு நாளுக்குள்ள எழுத்துப்பூர்வமா பதில் தரணும்னு போட்டு, நேர்ல கொண்டு போய்க் கொடுத்தேன். படிச்சான். "சார், நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். வண்டியை வேற இடத்துல காட்டுங்க"ன்னு சாவியைக் கொடுத்துட்டான். பயந்துட்டான்.

திரும்பி வரும்போது வண்டிக்குள்ள மங்கை, "நான் என்ன சொல்றேன்னா, அந்தத் துணி"ன்னா. நான் சிக்னல்ல கவனமா இருந்தேன். "வண்டி ஓட்டும்போது பேசாதே"ன்னேன். வீட்டுக்கு வந்தப்புறம் அவ பேசலை. எதிர் வீட்டு அம்மாகிட்ட மட்டும் வாசல்ல நின்னு முக்கால் மணி நேரம் பேசிட்டிருந்தா. என்ன பேச்சோ.

மார்கழி வந்துடுச்சு. வளைகாப்புக்கு இன்னும் முப்பது நாள்தான். சம்பந்தியம்மா போன் பண்ணி, "வண்டி ரெடியாயிடுச்சுங்களா"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாங்க. குரல்ல டாக்ஸி இருந்துச்சு.

அப்பதான் அம்மாபேட்டையில அர்த்தநாரின்னு ஒருத்தரைச் சொன்னாங்க. சின்ன பட்டறை. ஐம்பது வயசு இருக்கும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு வாய் டீ குடிக்கலாம், அவ்வளவு நிதானம். என் அட்டையைக் கொண்டு போய்க் காட்டினேன். வட்டம், தேதி எல்லாம் பார்த்தார். "கோலம் அழகா இருக்குங்க சார்"ன்னார். அப்புறம், "நாளைக்கு வரும்போது ஒரு முகப் பவுடர் டப்பா கொண்டு வாங்க"ன்னார்.

வீட்ல இருந்த டப்பா மங்கையோடது. கேட்டேன். "டப்பா எங்க போகுதோ அங்க நானும் வர்றேன்"னு சேலை மாத்திட்டு வந்து முன் சீட்ல உட்கார்ந்துட்டா. அதனாலதான் அவ அங்க வந்தா. நான் கூப்பிடலை.

அர்த்தநாரி வேலை செய்யற விதத்தைப் பார்க்கணும் தம்பி. அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். முதல்ல இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டு, பிரஷ்ஷால மேலேர்ந்து கீழ வரைக்கும் தேய்ச்சுக் கழுவினார். "எண்ணெய் மேலேர்ந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளும். சொட்டற இடம் வேற, கசியற இடம் வேற. பழைய அழுக்கு இருந்தா ஒண்ணும் தெரியாதுங்க"ன்னார். காய விட்டார். காஞ்சதும், குழந்தைக்குப் பூசற மாதிரி இன்ஜின் முழுக்கப் பவுடரைத் தூவினார். எனக்கே சிரிப்பு வந்துச்சு. இன்ஜினை ஓட விட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

இருபது நிமிஷம். வெள்ளைப் பவுடர்ல கறுப்புக் கோடு இறங்குது. மேல்மூடி ஓரம் ஒண்ணு. முன் சீல்ல ஒண்ணு. பின்னால, கியர் பாக்ஸ் சேர்ற இடத்துல புதுசா ஒண்ணு.

"மூணு இடத்துல ஒரே சமயத்துல கேஸ்கட் கெடாதுங்க சார். உள்ளேர்ந்து எதுவோ தள்ளுது"ன்னார். இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தார். புஸ்ஸுன்னு ஒரு காத்து. ஆயில் அளவு பார்க்கிற கம்பி தானா ஒரு விரக்கடை மேலே எழும்பி நிக்குது. "இன்ஜினும் மூச்சு விடணுங்க. உள்ளே சேர்ற காத்து போறதுக்குன்னே ஒரு வழி விட்டிருப்பாங்க. அது அடைஞ்சா, பாவம், கிடைச்ச சந்துல எல்லாம் எண்ணெயோட சேர்த்துத் தள்ளத்தான் செய்யும். சீல் மேல தப்பில்லைங்க"ன்னார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், "இது ஒழுக ஆரம்பிக்கறதுக்கு முன்னால யாராவது கை வெச்சாங்களா?"

"யாரும் வைக்கலை"ன்னேன்.

நான் வெச்சது ரிப்பேர், தம்பி. அவர் கேட்டது அது இல்லையே.

மங்கை ஒரு டயர் மேல உட்கார்ந்து, பவுடர் டப்பாவை மடியில வெச்சுட்டு இருந்தா. அர்த்தநாரி அவளைப் பார்த்தார். "அம்மா ஏதோ சொல்ல வர்றாங்க போல"ன்னார்.

"அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? பவுடர் கொடுக்க வந்தா"ன்னேன்.

அவர் கையைத் துடைச்சார். "சார், ஒரு உதவி. ஊதா கலர் பசை, மூணாம் நம்பர்னு கேளுங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருக்கும். ஒரு கடையில இல்லைன்னா இன்னொரு கடையில பாருங்க. நீங்க போனா சரியா பார்த்து வாங்கிட்டு வருவீங்க. என் ஆளுங்களை அனுப்பினா எதையாவது மாத்தி வாங்கிட்டு வந்துடுவாங்க"ன்னார்.

என் பொறுப்புணர்ச்சி அவருக்குத் தெரிஞ்சிருக்கு. போனேன். ஏழு கடை. ஒருத்தன்கிட்டயும் இல்ல. ஊதா கலர்ல பசையே வர்றதில்லைன்னு ஒருத்தன் சாதிக்கிறான். சேலம் மாதிரி ஊர்ல ஒரு மூணாம் நம்பர் பசை கிடைக்கலைன்னா என்ன வியாபாரம் பண்றாங்க? இப்பவும் அந்தப் பக்கம் போனா கேட்டுட்டுத்தான் வர்றேன். இன்னும் வரலை.

ஒன்றரை மணி நேரம் கழிச்சுத் திரும்பினா, பெஞ்ச் மேல என் துண்டுத் துணி கிடக்கு. எண்ணெய்ல ஊறி, கறுத்து, செத்த எலி மாதிரி. பக்கத்துல நுனி வளைச்ச ஒரு கம்பி. மங்கை கையில டீ. அர்த்தநாரி கையில டீ. மங்கை ஏதோ சொல்லிட்டிருக்கா, அந்த ஆள் விழுந்து விழுந்து சிரிக்கிறார். என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க.

"கண்டுபிடிச்சாச்சுங்க. அம்மாதான் சொன்னாங்க"ன்னார்.

நான் மங்கையைப் பார்த்தேன். "இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே"ன்னா. "நாலு மாசமா சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பாதி வரைக்கும் சொன்னேன்."

பாதி சொன்னா எப்படி தம்பி புரியும்? முழுசா சொல்லணும். அதுதான் அவகிட்ட இருக்கற குறை.

அர்த்தநாரி அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினார். கசிஞ்ச இடத்துக்கெல்லாம் புது சீல் போட்டார். மறுபடி கழுவி, மறுபடி பவுடர் தூவி, இந்தத் தடவை என்னையே ஏற்காடு அடிவாரம் வரைக்கும் ஓட்டச் சொல்லிப் பக்கத்துல உட்கார்ந்து வந்தார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தா, தூவின பவுடர் தூவினபடி வெள்ளையா இருக்கு. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்ல. இதுதான் நீங்க கேட்ட கேள்விக்கு பதில்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. "அப்புறம் ஏன் சார் விக்கிறீங்க"ன்னு கேக்கத்தானே வர்றீங்க? எல்லாரும் கேட்டாங்க. போன வாரம் மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தாங்க. நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதையும் சொல்லிடறேன்.

தை மாசம். வளைகாப்பு நல்லா நடந்துச்சு. சம்பந்தி வீட்டு வாசல்ல வண்டியைக் கழுவித் துடைச்சு நிறுத்தியிருந்தேன். சம்பந்தியம்மா குனிஞ்சு அடியில பார்த்தாங்க. பார்க்கட்டும்னுதான் நான் விட்டேன். மகள் வந்தா. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல். கதவைப் பிடிச்சுட்டு நின்னா. ஏறலை.

"அப்பா, ஒரே ஒரு நிபந்தனை"ன்னா.

"சொல்லும்மா."

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. அம்மா பேசுவாங்க. நான் கேக்கணும். பேசினா வண்டியைத் திருப்பிடணும். சரியா?"

மாப்பிள்ளை வேற பக்கம் திரும்பிட்டார். மங்கைதான் பவுடர் கதையை முழுசா போன்ல சொல்லியிருக்கணும். நான் சிரிச்சேன். இருபத்தெட்டு வருஷம் முந்நூறு பசங்களைப் பேசாம வெச்சிருந்தவனுக்கு, பேசாம இருக்கத் தெரியாதா? சரின்னு தலையை ஆட்டினேன். அப்பவே பேசலை, பார்த்தீங்களா.

ஓசூர் தாண்டிச்சு. சூளகிரி தாண்டிச்சு. ஒரு லாரிக்காரன் கையும் காட்டாம லைட்டும் போடாம வலது பக்கம் வந்தான். பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். மங்கை பின் சீட்ல மகளோட உட்கார்ந்திருந்தா. அவ மெதுவா ஆரம்பிச்சா. ஆரம்பிச்சவ நிறுத்தலை. அவ அம்மா வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்துல நாடகத்துல ராணி வேஷம் போட்டது, என்னென்னமோ. முப்பத்து மூணு வருஷத்துல அதுல ஒண்ணு கூட என்கிட்ட சொன்னதில்ல. மகள் சிரிக்கிறா, வளையல் குலுங்குது. வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

கிருஷ்ணகிரி டோல்கேட் வந்துச்சு. பணம் கட்டினேன், சில்லறை வாங்கினேன், வாயைத் திறக்கலை. அங்கேர்ந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். மகள் கேட்டா, "அம்மா, நான் பிறந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சு? உனக்கு பயமா இருந்துச்சா?"

"பயம்னா, அப்படி ஒரு பயம்"னா மங்கை. "அன்னிக்கு அப்படி ஒரு மழைடி. வலி வந்துடுச்சு. உங்கப்பா விடுதியில ஏதோ இன்ஸ்பெக்‌ஷன்னு ஆத்தூர்லயே தங்கிட்டாரு. ஆட்டோ கிடைக்கலை. தெருவுல முட்டளவு தண்ணி. நானே ஒரு பையை மாட்டிக்கிட்டு, செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு, அந்த மழையில"

"மழையில்ல. தூறல்"னேன்.

வேற ஒண்ணும் சொல்லலை தம்பி. ரெண்டே வார்த்தை. ரெண்டாவதுல நிறுத்திட்டேன்.

பின்னால சத்தமே இல்ல. வளையல் சத்தம் கூட இல்ல. கொஞ்ச தூரம் போனதும் மகள், "அப்பா, ஓரமா நிறுத்துங்க"ன்னா. நிறுத்தினேன். "திருப்புங்க"ன்னா. நான் மங்கையைக் கண்ணாடியில பார்த்தேன், அவ ஏதாவது எடுத்துச் சொல்லுவான்னு. அவ நேரா என்னையே பார்த்தா. "அவ சொல்றா இல்ல, திருப்புங்க"ன்னா. பாதி இல்ல, முழுசா சொன்னா.

திருப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன் நான். சம்பந்தி வீட்டு வாசல்ல ரெண்டு பேரையும் இறக்கி விட்டேன். மங்கையும் இறங்கிட்டா. பிரசவம் அங்கயே ஆச்சு, மாசியில. பேத்தி. இப்போ அஞ்சு மாசம். குப்புற விழறாளாம். போன்ல காட்டினாங்க. நான் ஏதோ சொல்ல வர்றதுக்குள்ள சிக்னல் போயிடுது. ஒவ்வொரு தடவையும் போயிடுது.

இந்த டைரியைப் பாருங்க. அன்னிக்குத் தேதி இதுதான், மகள் பிறந்த நாள். என் கையெழுத்துதான். "ஆத்தூர். இன்ஸ்பெக்‌ஷன் திருப்தி. மாலை லேசான தூறல்." தெளிவா இருக்கா? ஆத்தூருக்கும் சேலத்துக்கும் ஐம்பது கிலோமீட்டர்தான் தம்பி. இங்க தூறினா அங்கயும் தூறலாத்தானே இருக்கும்? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. நான்தான் கடைசில கேக்கலாம்னு சொன்னேனே, அதனாலயா?

வண்டியை ஏன் விக்கிறேன்னா, ஓட்டாம நிறுத்தி வெச்சா சீல் எல்லாம் காஞ்சு வெடிச்சிடும்னு அர்த்தநாரி சொல்றார். நான் ஒருத்தன். எங்க போறது? எனக்கு எதுக்கு நாலு கதவு?

சரி, வாங்க, சாவி இந்தாங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க. வேற யாரும் ஓட்டினதில்லைன்னு சொன்னேனே, பரவாயில்ல, ஓட்டுங்க. நான் பின் சீட்ல உட்கார்ந்துக்கறேன். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம். அது வரைக்கும் நான் பேச மாட்டேன். முனை வரைக்கும்னா என்னால முடியும்.